அனான்ஸி கதையில் நான் விட்டுவிட்ட ஆள்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்தால் நிறுத்திவிடுவேன், இங்கே மணி அடிக்க ஆளில்லை. பொறுமை இருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள். இல்லாதவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். இந்தக் கதைக்கு அதுதான் சரியான நேரம் என்று பின்னால் சொல்லப் போகிறேன்.

போன மாதம் பழைய மாணவர்கள் சந்திப்பில் ஒருவன் எழுந்து, "சார், அந்தச் சிலந்தி கதையை இன்னொரு தடவை சொல்லுங்க சார், என் பையன் கேக்கணும்" என்றான். எல்லாரும் கை தட்டினீர்கள். நான் தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. அந்தக் கதையைப் பழைய மாதிரி இனி என்னால் சொல்ல முடியாது என்பதுதான் உண்மை. அதற்கான காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மறந்தவர்களுக்காக, நான் வகுப்பில் சொன்னபடியே கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முன்னொரு காலத்தில் பூமியில் கதையே கிடையாது. எல்லாக் கதைகளும் வானத்துக் கடவுளான ந்யாமேயிடம் இருந்தன. அவர் அவற்றை ஒரு தங்கப் பெட்டியில் போட்டு, தன் ஆசனத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அனான்ஸி என்ற சிலந்தி மனிதன் வானம்வரை வலை பின்னி ஏறிப்போய், அந்தக் கதைகளை விலைக்குக் கேட்டான். ந்யாமே சிரித்தார். பயங்கரப் பல் கொண்ட சிறுத்தை, நெருப்பாகக் கொட்டும் குளவிகள், மனிதர் கண்ணில் படாத குட்டி வனதேவதை, இந்த மூன்றையும் கொண்டுவந்தால் கதைகள் உனக்கு என்றார். அனான்ஸி வயதானவன், சின்ன உருவம், பலம் கிடையாது. ஆனால் புத்தி உண்டு. கட்டிப்போடும் விளையாட்டு விளையாடலாம் வா என்று சிறுத்தையைக் கூப்பிட்டுக் கொடியால் கட்டிப்போட்டான். குளவிக் கூட்டின் மேல் தண்ணீரைத் தெளித்து, மழை வந்துவிட்டது, என் சுரைக்குடுக்கைக்குள் ஒதுங்குங்கள் என்று சொல்லி, உள்ளே போனதும் வாயை அடைத்தான். பிசின் தடவிய மரப்பொம்மையின் கையில் மசித்த கிழங்கை வைத்து, அதைத் தின்ன வந்த வனதேவதையைப் பொம்மையோடு ஒட்டவைத்தான். மூன்றையும் கொண்டுபோய்க் கொடுத்துப் பெட்டியை வாங்கிவந்தான். ஊரில் வைத்துப் பெட்டியைத் திறந்தபோது கதைகள் பறந்து உலகமெங்கும் போயின. அன்றிலிருந்து கதைகளுக்கெல்லாம் சிலந்திக் கதைகள் என்று பெயர்.

இதை வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அப்படி ஒரு நாள், ஏழாம் வகுப்பு என்று நினைவு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், இத்தன யோசனையும் அவனே தனியாவா சார் பண்ணான்? அவனுக்கு வீட்ல யாரும் இல்லையா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "கதைய கதையா கேளு, உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என் வகுப்பில் கேள்வி கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

அந்தக் கதை எனக்கு ஒரு படப் புத்தகத்திலிருந்து கிடைத்தது. உங்களில் பலர் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் இருந்த என் சித்தப்பா மகன் ஊருக்கு வந்தபோது, அங்கே ஒரு நூலகம் மலிவாகக் கழித்துப்போட்ட புத்தகங்களில் நாலைந்தை எனக்காகக் கொண்டுவந்தான். அதில் ஒன்று இது. 'எ ஸ்டோரி, எ ஸ்டோரி' என்பது பெயர். எழுதிப் படமும் போட்டவர் கெயில் ஹேலி என்ற அமெரிக்கப் பெண்மணி. வெளியான ஆண்டு 1970. மரத்தில் செதுக்கி அச்செடுத்த அழுத்தமான படங்கள். அமெரிக்க நூலகர் சங்கம் ஆண்டுதோறும் சிறந்த படப் புத்தகத்தின் ஓவியருக்குக் கொடுக்கும் கால்டிகாட் பதக்கம் 1971-ல் இதற்குக் கிடைத்தது. 1938-லிருந்து கொடுக்கப்பட்டுவரும் பெரிய மரியாதை அது.

வரலாற்று வாத்தியார் என்பதால் ஆண்டைச் சொன்னதும் அந்த ஆண்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்கத் தோன்றும். 1965-ல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் அமெரிக்கக் குழந்தைப் புத்தகங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 புத்தகங்களைக் கணக்கெடுத்ததில், ஒரேயொரு கறுப்பு முகமாவது தென்பட்ட புத்தகங்கள் 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழு கூட இல்லை. கறுப்பினக் குழந்தைகள் பள்ளி நூலகத்துக்குப் போனால் தங்களைப் போன்ற ஒரு முகத்தையும் பார்க்காமலே திரும்ப வேண்டியிருந்தது. மனித உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். அதே 1965-ல் வந்த புதிய கல்விச் சட்டம் பள்ளி நூலகங்களுக்கு அரசுப் பணத்தைத் திறந்துவிட்டது. பதிப்பகங்கள் ஆப்பிரிக்கக் கதைகளைத் தேடத் தொடங்கின. ஹேலியின் புத்தகம் வந்த இரண்டே ஆண்டுகளில், 1972-ல், ஜெரால்ட் மெக்டெர்மட் என்பவர் அனான்ஸியையும் அவன் ஆறு பிள்ளைகளையும் வைத்து இன்னொரு படப் புத்தகம் போட்டார். 1976-ல் கால்டிகாட் பதக்கம் வாங்கியதும் ஆப்பிரிக்கக் கதைதான், கொசு ஏன் காதில் ரீங்கரிக்கிறது என்ற கதை. அதற்குப் படம் போட்ட லியோ டில்லன், டயான் டில்லன் தம்பதியில் லியோதான் அந்தப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பின ஓவியர்.

ஆக, ஹேலியின் புத்தகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வானத்துக் கடவுளையே கறுப்பு நிறத்தில், அரச ஆசனத்தில் உட்காரவைத்து வரைந்த புத்தகம் அது. ஒரு சொல்லை மூன்று முறை அடுக்கிச் சொல்லும் ஆப்பிரிக்கக் கதைசொல்லியின் வழக்கத்தையும் விடாமல் கொண்டுவந்திருக்கிறார். அந்த அடுக்குச் சொல்லைத்தான் நீங்கள் என்னோடு சேர்ந்து கத்துவீர்கள், பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்ப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு நேரம் நிறைய இருக்கிறது. இந்தக் கதை ஹேலிக்கு முன்னால் எங்கே இருந்தது என்று தேடிப் பார்க்கத் தோன்றியது. என் மருமகள், பழைய நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் இணைய நூலகம் ஒன்றிலிருந்து 1930-ல் அச்சான ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அகான் - அசாந்தே மக்களின் நாட்டுப்புறக் கதைகள். தொகுத்தவர் ராபர்ட் சதர்லாந்து ராட்ரே.

இந்த ராட்ரே 1881-ல் நம் இந்தியாவில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். இன்றைய கானா நாடு அப்போது பிரிட்டிஷாரின் கையில் 'கோல்டு கோஸ்ட்' என்ற பெயரில் இருந்தது. அங்கே அதிகாரியாகப் போனவர், அந்த மக்களின் ட்வி மொழியைக் கற்றுக்கொண்டார். 1921-ல் அசாந்தே பகுதியின் மானுடவியல் துறைக்குப் பொறுப்பேற்றார். ஊர் ஊராகப் போய் வழக்கங்களையும் சட்டங்களையும் கதைகளையும் எழுதினார். அந்தக் கதைப் புத்தகத்தில் ஒரு பக்கம் ட்வி, எதிர்ப் பக்கம் ஆங்கிலம். படங்களை வரைந்தவர்கள் அந்த மண்ணின் ஆப்பிரிக்க ஓவியர்கள். 1938-ல் இங்கிலாந்தில் கிளைடர் விமான விபத்தில் இறந்துபோனார்.

ராட்ரேயை எதற்காக அங்கே அனுப்பினார்கள் என்று தெரிந்துகொள்ள அசாந்தே வரலாறு கொஞ்சம் வேண்டும். தங்கச் சுரங்கங்களால் செழித்த பலமான அரசு அது. தலைநகரம் குமாசி. பிரிட்டிஷ் படை 1874-ல் குமாசியை எரித்தது. 1896-ல் அரசர் முதலாம் பிரெம்பேயையும் அரச அன்னையான அவர் தாயையும் கைது செய்து நாடு கடத்தியது. 1900-ல் ஆளுநர் ஹாட்ஜ்சன் குமாசிக்கு வந்து, அசாந்தே மக்கள் தங்கள் இனத்தின் ஆன்மாவாகவே கருதும் தங்க ஆசனத்தைக் கொண்டுவரச் சொன்னார். தான் அதில் உட்கார வேண்டுமாம். எஜிசு என்ற ஊரின் அரச அன்னை யா அசாந்தேவா போருக்குத் தலைமை தாங்கினார். போரில் தோற்று, சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1921-ல் அங்கேயே இறந்தார். ஆனால் தங்க ஆசனம் மட்டும் கடைசிவரை பிரிட்டிஷார் கைக்குப் போகவேயில்லை. இப்படிப்பட்ட மக்களை ஆள்வதென்றால் முதலில் அவர்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தோன்றியது. ராட்ரேயின் வேலை அதுதான். ஆனால் அவர் வேலையைத் தாண்டி அந்த மக்கள்மீது மதிப்பு வைத்துவிட்டார் என்பது அவர் எழுத்தைப் படித்தால் தெரியும்.

இப்போது கதைக்கு வருவோம். ராட்ரேயின் புத்தகத்தில் நம் சிலந்திக் கதை இருக்கிறது. படித்துக்கொண்டே வந்தவன் ஒரு பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில், விலை மூன்றல்ல, நான்கு. சிறுத்தை, குளவி, வனதேவதையோடு ஒனினி என்ற மலைப்பாம்பும் உண்டு. கொக்கோஃபு, பெக்வாய் போன்ற பெரிய ஊர்களெல்லாம் வந்து கேட்டும் வாங்க முடியாத கதைகளை, அனாதையான நீயா வாங்கப் போகிறாய் என்று ந்யாமே கேட்கிறார். அனான்ஸி சளைக்கவில்லை. நாலையும் தருகிறேன், கூடுதலாக என் கிழட்டுத் தாயையும் தருகிறேன் என்கிறான். ஆமாம், பெற்ற தாயை! அவள் பெயர் என்சியா.

பிறகு அவன் வீட்டுக்கு வருகிறான். வீட்டில் அவன் மனைவி இருக்கிறாள். அவள் பெயர் ஆஸோ.

மலைப்பாம்பைப் பிடிக்க என்ன செய்யலாம் என்று அவளிடம்தான் கேட்கிறான். பனை வகை மரத்தின் மட்டை ஒன்றையும் கட்டுக்கொடியையும் வெட்டிவா என்கிறாள் ஆஸோ. அவன் அவற்றைத் தூக்கிக்கொண்டு, தனக்குத்தானே வாக்குவாதம் செய்வதுபோலப் பேசியபடி பாம்பின் வழியில் போகிறான். என்ன சண்டை என்று பாம்பு கேட்கிறது. இந்த மட்டை உன்னைவிட நீளம் என்று என் மனைவி ஆஸோ சொல்கிறாள், அவள் பொய் சொல்கிறாள் என்று நான் சொல்கிறேன் என்கிறான். அளந்து பார், என்று பாம்பு மட்டையோடு நீட்டிப் படுக்கிறது. வாலிலிருந்து தலைவரை வைத்துக் கட்டிவிடுகிறான். கவனித்தீர்களா? அவள் சொன்ன யோசனையைக் கையில் வைத்துக்கொண்டே, அவளைப் பொய்க்காரி என்கிறான்!

அடுத்து குளவி. ஒரு சுரைக்குடுக்கையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போ என்பதும் ஆஸோதான். அடுத்து சிறுத்தை. போய்க் குழி தோண்டு என்று அவள் ஆரம்பிக்கும்போதே, போதும் போதும், புரிந்துவிட்டது என்று கிளம்பிவிடுகிறான் அனான்ஸி. நாலாவதாகத்தான் பிசின் பொம்மையைச் செதுக்கி வனதேவதையைப் பிடிக்கிறான். நான்கையும், தாயையும் கொண்டுபோய் நிறுத்துகிறான். ந்யாமே தன் சபையைக் கூட்டி, பெரிய பெரிய அரசர்களால் முடியாததை அனான்ஸி முடித்துவிட்டான் என்று அவனைப் புகழ்கிறார். கதைகளுக்கு அவன் பெயரையே வைக்கிறார். அந்தச் சபையில் ஆஸோ பெயரை யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சபை சொல்லாவிட்டாலும் கதைசொல்லி சொல்கிறார். இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் யார் யோசனை என்று தெரியும். யோசனை ஒருவருடையது, பெயர் இன்னொருவருக்கு என்பதே அந்தக் கதையின் நகைச்சுவையில் பாதி. ஆஸோவை எடுத்துவிட்டால் அந்தப் பாதி காணாமல் போய்விடுகிறது. அனான்ஸி வெறும் புத்திசாலிக் கிழவனாகி, நல்ல பிள்ளை ஆகிவிடுகிறான். மூலக் கதையில் அவன் நல்ல பிள்ளையே இல்லை. தாயை விலையில் சேர்ப்பவன், மனைவியின் அறிவில் பெயர் வாங்குபவன். அவனைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டும், அவனிடம் கற்றுக்கொள்ளவும் வேண்டும், அவனை நம்பவும் கூடாது.

ஹேலியின் புத்தகத்தில் ஆஸோவும் இல்லை, தாயும் இல்லை, பாம்பும் இல்லை. குளவி உபாயம் அப்படியே இருக்கிறது, ஆனால் சொல்லிக்கொடுத்தவள் இல்லை. சிறுத்தைக்குக் குழிக்குப் பதிலாகக் கட்டும் விளையாட்டு. வனதேவதைக்குப் பொம்மை வைக்கும் இடம்கூட மாறியிருக்கிறது. ராட்ரேயில் அது ஓடும் என்ற மேற்கு ஆப்பிரிக்கக் காட்டு மரத்தடி. ஹேலியில் நம் தெருவோரங்களில் கோடையில் சிவப்பாகப் பூக்கும் மயில்கொன்றை. அது மடகாஸ்கரில் பிறந்து, கப்பலேறிக் கரீபியத் தீவுகளையும் நம் ஊரையும் அடைந்த மரம்.

படப் புத்தகம் என்பது முப்பது, நாற்பது பக்கத்துக்குள் அடங்க வேண்டிய பொருள். தாயை விற்கும் மகனை ஐந்து வயதுக் குழந்தைக்குக் காட்ட யாருக்கும் தயக்கம் இருக்கும். எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். கதை சொல்கிற எல்லாரும் வெட்டுகிறோம். நான் பானிபட் போர்கள் மூன்றையும் ஒரே பீரியடில் முடித்தவன், எனக்குத் தெரியாதா? ஆனால் வெட்டும்போது யார் முதலில் போகிறார்கள் என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

இதற்கு ராட்ரேயே ஒரு சாட்சி வைத்திருக்கிறார். 1923-ல் அசாந்தே பற்றி எழுதிய புத்தகத்தில் வருகிறது. அசாந்தே மக்களிடம் தாய்வழி முறை. பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது. அரசரைத் தேர்ந்தெடுப்பதில் அரச அன்னைக்குப் பெரிய பங்கு. இத்தனை ஆண்டுகள் இந்த நாட்டில் இருந்தும் பெண்களின் இந்த முக்கியத்துவம் எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்று அவர் முதிய ஆண்களிடமும் பெண்களிடமும் கேட்கிறார். அவர்கள் சொன்ன பதிலின் சாரம் இது: வெள்ளைக்காரர்கள் எங்களிடம் இதைக் கேட்டதேயில்லை. நீங்கள் ஆண்களோடுதான் பேசுகிறீர்கள், ஆண்களைத்தான் மதிக்கிறீர்கள். உங்கள் ஊரில் பெண்களுக்கு மதிப்பில்லை போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இத்தனைக்கும், இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் தங்களை எதிர்த்துப் படை நடத்தியவரே ஒரு அரச அன்னை! அப்படியிருந்தும் கேட்கத் தோன்றவில்லை. கண்ணுக்கு முன்னால் நின்றாலும், கேட்காதவனுக்குத் தெரியாது.

இந்தக் கதை புத்தகத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே கடலைத் தாண்டிவிட்டது. அட்லாண்டிக் அடிமை வியாபாரத்தில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏற்றப்பட்டவர்கள் சுமார் ஒன்றேகால் கோடிப் பேர் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணக்கு. அதில் கோல்டு கோஸ்ட் கரையிலிருந்து போனவர்கள் பல லட்சம். எல்மினா, கேப் கோஸ்ட் கோட்டைகளின் நிலவறைகளில் அடைக்கப்பட்டுக் கப்பலேறியவர்கள் கையில் எதையும் கொண்டுபோக முடியாது. பெயர்கூடப் பறிபோனது. கதை மட்டும் கூடப் போயிற்று.

ஜமைக்கா கரும்புத் தோட்டங்களில் அனான்ஸி வாழ்ந்தான். அங்கே காட்டில் சிறுத்தை இல்லை, அதனால் எதிராளி புலியானான். புலிக்கும் அங்கே காடு கிடையாது, ஆனால் அடிமைக்கு அந்தப் புலி யாரென்று சொல்லத் தேவையில்லை. பலமில்லாதவன் பலசாலியைப் புத்தியால் ஏமாற்றும் கதை, சவுக்கின் கீழே வேலை செய்தவர்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. சுரினாமில் இந்தக் கதைகளுக்கு அனான்ஸி தோரி என்று பெயர். கியூராசோ தீவில் அவன் நான்ஸி. அங்கே அவனுக்கு மனைவி உண்டு, ஷி மரியா என்று பெயர். பிசின் பொம்மை அமெரிக்கத் தெற்கில் முயலைப் பிடிக்கும் தார் பொம்மையாக, 1880-ல் வெளிவந்த 'அங்கிள் ரீமஸ்' கதைகளில் அச்சேறியது. ஜமைக்காவின் லூயிஸ் பென்னட் அம்மையார் (1919 - 2006), படித்தவர்கள் கேவலமென்று ஒதுக்கிய தன் மக்களின் பேச்சுமொழியிலேயே அனான்ஸி கதைகளை மேடையிலும் வானொலியிலும் சொல்லி, அவற்றுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தார்.

ஆக, கதை போகும் இடமெல்லாம் மாறுவது இயற்கை. மாறியதில் எனக்குக் குறையில்லை. சிறுத்தை புலியாகட்டும், காட்டு மரம் மயில்கொன்றையாகட்டும். மனைவியின் பெயர் ஷி மரியா என்று மாறினாலும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். மாறுவது வேறு, இல்லாமல் போவது வேறு.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. 1997-ல் வெர்னா ஆர்டிமா, அதாவது முன்னே சொன்ன அந்தக் கொசுக் கதையை எழுதியவர், இதே சிலந்திக் கதையை இன்னொரு படப் புத்தகமாக எழுதினார். படங்கள் லிசா டெசிமினி. அதில் ஆஸோ இருக்கிறாள், யோசனையும் சொல்கிறாள். ஹேலியின் புத்தகம் வந்து இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் வீடு திரும்பினாள். உங்கள் பிள்ளைகளுக்கு வாங்குவதென்றால் இரண்டையும் வாங்குங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துக் காட்டி, என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளையே கேளுங்கள். நான் நடத்திய வரலாற்றுப் பாடங்களையெல்லாம்விட அதில் அவர்கள் அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

இப்போது அந்த ஜன்னலோரப் பெண்ணிடம் வருகிறேன்.

அம்மா, உன் பெயரை இங்கே எழுதவில்லை. நீ இந்தப் பதிவைப் படிப்பாயா என்றும் தெரியாது. படித்தால் உனக்கே தெரியும். நீ கேட்டது சரியான கேள்வி. ராட்ரே தன் பெரியவர்களிடம் கேட்ட கேள்விக்கு நிகரானது. உன் பன்னிரண்டு வயதில், ஒரு பதக்கம் வாங்கிய புத்தகத்தில் ஓர் ஆள் குறைகிறது என்று உனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் யார் யோசனை சொல்கிறார்கள், வெளியில் யார் பெயர் வாங்குகிறார்கள் என்று நீ பார்த்திருப்பாய். கரும்பலகைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெரியவில்லை. தெரியாததுகூடப் பெரிய தப்பில்லை, தேடிப் பார்த்திருக்கலாம். சிரித்து உட்காரவைத்ததுதான் தப்பு. புத்தகத்தில் ஆஸோ இல்லாமல் போனது ஹேலியின் கையால். என் வகுப்பில் அவள் இரண்டாவது தடவை இல்லாமல் போனது என் கையால். மன்னித்துக்கொள்.

மற்ற செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இந்தக் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்கள் என்று சந்திப்பில் தெரிந்துகொண்டேன். டீச்சராகிவிட்ட மூன்று பேர் தங்கள் வகுப்பிலும் சொல்கிறார்களாம். நான் சொன்ன பாதிக் கதை உங்கள் வழியாக இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிற்றோ. அசாந்தே மக்கள் இந்தக் கதைகளை இருட்டிய பிறகே சொல்வார்கள். சொல்லப்போவது நிஜம் என்று நாங்கள் சொல்லவில்லை என்று அறிவித்துவிட்டுத் தொடங்குவார்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் அரசரையும் கேலி செய்யலாம், யாரும் கோபிக்க முடியாது. முடிக்கும்போது, கதை இனித்தாலும் இனிக்காவிட்டாலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போங்கள், கொஞ்சம் என்னிடம் திரும்பி வரட்டும் என்ற பொருளில் சொல்லி முடிப்பார்கள். ஹேலியும் தன் புத்தகத்தை அப்படித்தான் முடித்திருக்கிறார். வருஷக்கணக்காக நான் அதை வெறும் அழகான முடிவு என்று மட்டும் நினைத்து வாசித்துக்காட்டினேன்.

இப்போதுதான் உறைக்கிறது. திரும்பி வருவது கதை மட்டுமல்ல, அதில் நாம் விட்ட பிழையும்தான். எனக்குத் திரும்பி வந்துவிட்டது. சரிசெய்து உங்களிடம் கொடுக்கிறேன். இன்று ராத்திரி பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்லுங்கள். நான்கு விலை. மலைப்பாம்பு, குளவி, சிறுத்தை, வனதேவதை. அனான்ஸி வானத்திலிருந்து இறங்கி வந்ததும் நேரே காட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள். அங்கே ஆஸோ இருக்கிறாள். அவளிடம் அவன் கேட்கட்டும்.

அடுத்த சந்திப்பில் என் தொண்டை சரியாக இருக்கும். கதையை நானே சொல்கிறேன். கேள்வி கேட்பவர்கள் எழுந்து நின்று கேட்கலாம், உட்காரச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்